ஸ்டிப்பிள் பிரஷ்: வாழ்த்து அட்டையில் வண்ணம் ஒற்றுவது முதல் பிரஷைக் கழுவிக் காயவைப்பது வரை

கையால் வாழ்த்து அட்டை செய்யப் பழகுகிறவர்களில் நிறையப் பேர், மையைப் புள்ளி புள்ளியாக ஒற்றும் ஸ்டிப்பிள் பிரஷ் ஒன்றை ஆசையாக வாங்குவார்கள், ஓரிரு முறை ஒற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் அது பென்சில் டப்பாவின் அடிக்குப் போய்விடும். மேலே அடர்ந்து கீழே வெளிறி வரவேண்டிய வானம், நாலைந்து கருநீலத் திட்டுகளாக வந்து உட்கார்ந்திருக்கும். பிரஷைக் குறை சொல்ல முடியாது, கையையும் குறை சொல்ல முடியாது. பிரஷில் மை அதிகம், அவ்வளவுதான். இந்த வேலையில் மையை எடுப்பதற்கு ஒரு நொடி போதும். எடுத்த மையைக் கழிப்பதில்தான் நேரம் போகவேண்டும்.

சுத்தம் செய்வதிலும் ஈரம்தான் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் குவளைத் தண்ணீரில் ஊறப்போட்டே பிரஷைக் கொல்கிறவர்கள் உண்டு. கழுவவே கழுவாமல் காய்ந்த மையோடு கல்லாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு அட்டை செய்வதாக வைத்துக்கொண்டு, பிரஷ் வாங்குவதிலிருந்து தொடங்குவோம்.

எந்த பிரஷ்?

ஸ்டிப்பிள் பிரஷைப் பார்த்திராதவர்கள் ஷேவிங் பிரஷை நினைத்துக்கொள்ளலாம். குட்டையான, பருமனான கைப்பிடி. நெருக்கமாகக் கட்டிய முடி. நுனி தட்டையாகவோ, லேசாகக் குவிந்தோ வெட்டப்பட்டிருக்கும். கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை பல விட்டங்களில் வருகிறது. அட்டையின் பின்னணிக்கு அரையிலிருந்து முக்கால் அங்குலம் வசதி. ஸ்டென்சிலின், அதாவது வடிவம் வெட்டிய தகட்டின், சின்ன ஓட்டைகளுக்குக் கால் அங்குலம் வேண்டும். ஒரு அங்குல பிரஷ் பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் கையகல அட்டையில் அதைத் திருப்ப இடமிருக்காது.

முடியைப் பொறுத்துத்தான் புள்ளி அமைகிறது. பன்றி முடி விறைப்பானது. மணல் தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள் தெரியும். ஆட்டு முடி மென்மை. புள்ளி தெரியாமல் பனிமூட்டம் மாதிரி படியும். நைலான் கழுவ எளிது, சீக்கிரம் காயும், ஆனால் மையை அதிகம் பிடித்துவைக்காது, புள்ளியும் சற்று முரடாக விழும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவதென்றால் பன்றி முடியையே சொல்வேன். ஸ்டிப்பிள் என்று பெயர் வந்ததே அந்தப் புள்ளிகளால்தானே. மூட்டம்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும்.

நம் ஊர் கைவினைக் கடைகளில் ஸ்டிப்பிள் பிரஷ் என்று கேட்டால் சில இடங்களில் விழிப்பார்கள். ஸ்டென்சில் பிரஷ் என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். அதன் முடி சற்றுக் குட்டை, இன்னும் விறைப்பு, வேலை ஒன்றுதான். அதுவும் கிடைக்காவிட்டால் ஓவியத்துக்கான பெரிய வட்ட ஹாக் ஹேர் (பன்றி முடி) பிரஷை வாங்கி, முடியைச் செலோடேப்பால் இறுக்கிச் சுற்றி, நுனியைத் தட்டையாக வெட்டிக்கொள்வார்கள். இதில் ஒரு நஷ்டம் உண்டு. பன்றி முடியின் நுனி இயற்கையிலேயே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். மையை ஏந்துவது அந்தப் பிளவுதான். கத்தரித்தால் பிளவு போய்விடும், புள்ளி முரடாக விழும். அவசரத்துக்குப் பரவாயில்லை. புதிதாக வாங்கிய மலிவான ஷேவிங் பிரஷும் நன்றாகவே உழைக்கும். வீட்டில் யாரோ பயன்படுத்தியது என்றால் முடிவேரில் பழைய சோப்பு இருக்கும். நுரை நிற்கும்வரை அலசிவிட்டு எடுங்கள்.

கடையில் பார்க்கவேண்டியது இரண்டு. நுனியை உள்ளங்கையில் அழுத்தி எடுத்தால் முடி உடனே நிமிரவேண்டும். விரலால் லேசாக இழுத்தால் கையோடு முடி வரக்கூடாது. புது பிரஷில் ஒன்றிரண்டு உதிர்வது சகஜம், கொத்தாக வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துளி ஷாம்பு போட்டு அலசி, முழுதாகக் காயவைத்து, உள்ளங்கையில் சிறிது நேரம் குத்துங்கள். உதிரவேண்டிய முடியெல்லாம் அப்போதே உதிர்ந்துவிடும். இதைச் செய்யாமல் நேரே அட்டையில் இறங்கினால், ஈரமான மையில் முடி ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கோடு இழுத்துவிடும்.

எத்தனை வேண்டும்? நிறத்துக்கு ஒன்று தேவையில்லை, நிறக்குடும்பத்துக்கு ஒன்று போதும். மஞ்சள், ஆரஞ்சுக்கு ஒன்று; சிவப்பு, இளஞ்சிவப்புக்கு ஒன்று; நீலம், ஊதாவுக்கு ஒன்று; பச்சை, பழுப்புக்கு ஒன்று. கறுப்பும் வெள்ளையும் பயன்படுத்துகிறவர்கள் அவற்றுக்குத் தனியாக வைத்துக்கொள்ளவேண்டும். கைப்பிடியில் அந்தந்த நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் வராது. இந்த ஒரு ஏற்பாடே கழுவும் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

மை

இங்க் பேடுகளில் டை, பிக்மென்ட், சாக், சால்வென்ட் என்று வகைகள் உண்டு. டை இங்க்கில் நிறம் நீர்மத்தில் கரைந்திருக்கும், தாளுக்குள் இறங்கும், சீக்கிரம் காயும். பிக்மென்ட் இங்க்கில் நிறம் நுண்துகளாக இருக்கும், தாளின் மேலேயே தங்கும், மெதுவாகக் காயும், நிறம் பளிச்சென்று இருக்கும். கருமையான அட்டையில் வெள்ளை தெரியவேண்டும் என்றால் பிக்மென்ட்தான் வழி. சாக் இங்க்கும் அதே இனம், காய்ந்தபின் சாக்பீஸ் தேய்த்தது போல மங்கலாக, மென்மையாகத் தெரியும்.

ரேஞ்சர் நிறுவனம் கைவினை வடிவமைப்பாளர் டிம் ஹோல்ட்ஸ் பெயரில் விற்கும் டிஸ்ட்ரெஸ் இங்க், தண்ணீர் பட்டால் கரைந்து பரவுகிற டை இங்க். கொஞ்ச நேரம் ஈரமாகவே இருப்பதால் ஒற்றிக் கலப்பதற்குத் தோது. அதே வரிசையில் வரும் டிஸ்ட்ரெஸ் ஆக்ஸைடு, டையும் பிக்மென்ட்டும் சேர்ந்த கலவை. ஜப்பானின் சுகினேகோ நிறுவனத்தின் மெமென்டோ டை இங்க், வெர்ஸாகலர் பிக்மென்ட், வெர்ஸாமேஜிக் சாக். இவற்றில் எதையும் ஸ்டிப்பிள் பிரஷில் தைரியமாக எடுக்கலாம். ஆரம்பிக்கிறவர்களுக்கு டை இங்க். காயக் காத்திருக்கும் பொறுமை வந்தபின் பிக்மென்ட்.

சுகினேகோவின் ஸ்டேஸ்ஆன் மாதிரியான சால்வென்ட் இங்க்கை இந்த பிரஷ் பக்கமே கொண்டுவராதீர்கள். கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் போன்றவற்றின் மீது அச்சிட வந்த மை அது. முடிக்குள் வேகமாகக் காய்ந்துவிடும், தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது.

தாள்

200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத, வழவழப்பான, பூச்சில்லாத அட்டை நல்லது. கடையில் ஐவரி ஷீட் என்று கேட்டால் கிடைப்பது இதற்குப் போதும். கையால் செய்த தாளில் மேடு மட்டும் நிறம் பிடித்துப் பள்ளம் வெறுமையாக நிற்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும். பளபளப்பான பூச்சுள்ள தாளில் டை இங்க் அழகாக மின்னும். ஆனால் பிக்மென்ட் இங்க் அதில் காயவே காயாது, வாரம் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டும்.

மடித்த அட்டையின் மேலேயே நேராக வண்ணம் ஒற்றாதீர்கள். முன்பக்கத்துக்கு ஒரு தனித் துண்டு வெட்டி, அதில் வேலையை முடித்து, பிறகு ஒட்டுங்கள். கெட்டால் துண்டு மட்டும்தான் போகும். ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் ஏ6 அளவில் இரண்டு அட்டை வரும், அதாவது 10.5க்கு 14.8 சென்டிமீட்டர். ஓரங்களில் அரை சென்டிமீட்டர் விட்டுக் கணக்குப் பார்த்தால் முன்துண்டு 9.5க்கு 13.8. முடிந்த அட்டை சி6 உறையில் சரியாக உட்காரும்.

ஒற்றும் முறை

மேசை மேல் பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். செய்தித்தாளின் அச்சு மை பிரஷில் ஒட்டும், அதனால் இந்த வெள்ளைத்தாள் கட்டாயம். கழிக்கும் தாள் இதுதான். மலிவான ஏ4 தாளாக இருந்தால் போதும், ஆனால் இங்க் பேடுக்கு அடுத்தபடி முக்கியமான சாமான் இது.

பிரஷ் உலர்ந்திருக்கவேண்டும். கழுவி முந்தாநாள் காயவைத்ததாக இருந்தாலும், நுனியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அன்றைக்கு அந்த பிரஷ் வேண்டாம். ஈரமான முடி மையை நீர்க்கவைக்கும், புள்ளி விழவேண்டிய இடத்தில் திட்டு விழும்.

கைப்பிடியை, முடியைப் பிடித்திருக்கும் தகர வளையத்துக்குச் சற்று மேலே, மூன்று விரலால் நேர்க்குத்தாகப் பிடியுங்கள். எழுதும் பேனா மாதிரி சாய்க்கக்கூடாது. சாய்ந்தால் ஒரு பக்கத்து முடி மட்டும் தாளில் படும், பிறை பிறையாகத் தடம் வரும். முழங்கை மேசையில் இருக்கட்டும், மணிக்கட்டு மட்டும் ஆடட்டும்.

இங்க் பேடில் மூன்று நான்கு தட்டு, மெதுவாக. டை இங்க் பேடுகள் பெரும்பாலும் ஃபெல்ட் துணியில் செய்தவை, கொஞ்சமாகத்தான் மை விடும். பிக்மென்ட் பேடுகள் ஸ்பாஞ்ச். அழுத்தினால் மை பொங்கி வந்து முடிவேர் வரை ஏறிவிடும். ஸ்பாஞ்ச் பேடாக இருந்தால், பேடை ஒரு பிளாஸ்டிக் மூடி மேல் ஒருமுறை அழுத்தி எடுத்து, மூடியில் படிந்த மையை பிரஷால் தொட்டுக்கொள்வது பாதுகாப்பு.

இப்போது கழிக்கும் தாளில் குத்துங்கள். முதல் குத்தில் ஒரு முழு வட்டம் விழும். இரண்டாவதிலும் அப்படித்தான். குத்தக் குத்த வட்டத்தின் விளிம்பு கலையும், நடுவில் வெள்ளை தெரியத் தொடங்கும், கடைசியில் வட்டம் என்று சொல்ல முடியாமல் பொடிப் புள்ளிகள் மட்டும் விழும். அந்த நிலை வந்தபின்தான் அட்டைக்குப் போகலாம். "மையே இல்லையே, இதில் என்ன வரும்" என்று தோன்றும். அப்படித் தோன்றுகிற அளவுதான் சரியான அளவு.

அட்டையில் நடுவே ஆரம்பிக்காதீர்கள். அட்டைக்கு வெளியே, கீழே இருக்கும் தாளிலிருந்து குத்திக்கொண்டே ஓரம் வழியாக உள்ளே நுழையுங்கள். பிரஷில் மீதம் இருக்கும் கனமான புள்ளிகள் வெளியிலேயே விழுந்துவிடும். நேரே மேல், நேரே கீழ். பிரஷ் தாளைத் தொட்டதும் துள்ளி எழவேண்டும். முடி விரிகிற அளவுக்கு அழுத்தினால் நடுவில் காலியாகவும் சுற்றிலும் அடர்த்தியாகவும் வளையம் விழும். நாலைந்து குத்துக்கு ஒருமுறை பிரஷை விரல்களுக்குள் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருங்கள். திருப்பாவிட்டால் ஒரே புள்ளிக் கொத்து வரிசையாகப் பதிந்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல ஆகிவிடும்.

அடர்த்தி வேண்டுமா? மையைக் கூட்டாதீர்கள், குத்துவதைக் கூட்டுங்கள். அதே இடத்தில் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று போங்கள். ஒவ்வொரு முறை மை எடுக்கும்போதும் கழிக்கும் தாளுக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும். கை பழகிவிட்டது என்று பத்தாவது முறை அதைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் முடியும் தறுவாயில் திட்டு விழும்.

நிறங்களில் வெளிறியது முதலில், அடர்ந்தது பிறகு. மஞ்சள் மேல் ஆரஞ்சு, ஆரஞ்சு மேல் சிவப்பு. இதில் இங்க் பேடுக்கும் பாதுகாப்பு இருக்கிறது: பச்சை தொட்ட பிரஷோடு மஞ்சள் பேடைத் தொட்டால் பேட் கறைபட்டுவிடும், அதைச் சரிசெய்வது பெரிய பாடு. ஆரஞ்சையும் நீலத்தையும் நேராகச் சந்திக்க விட்டால் சேறு மாதிரி ஒரு பழுப்பு வரும். மஞ்சளும் ஊதாவும் அப்படியே. நடுவில் இளஞ்சிவப்பை வைக்கலாம், இல்லாவிட்டால் கொஞ்சம் வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம்.

பொங்கல் அட்டை

சூரியனில் தொடங்குவோம். பசை ஓரமுள்ள குறிப்புத்தாள் ஒன்றை எடுத்து, பசை இருக்கும் விளிம்பை ஒட்டிப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போடுங்கள். 2.7 சென்டிமீட்டர் விட்டம், இந்த அட்டைக்குப் பாந்தமான சூரியன். சின்னக் கத்தரியால் வட்டத்தைச் சுத்தமாக வெட்டி எடுங்கள். வெட்டி எடுத்த வட்டமும் வேண்டும், ஓட்டை விழுந்த தாளும் வேண்டும்.

முதலில் ஓட்டைத் தாளை முன்துண்டில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி ஒட்டுங்கள். ஓட்டைக்குள் மஞ்சள் ஒற்றுங்கள், தாளின் மேலிருந்து உள்நோக்கி. கீழ் விளிம்பில் மட்டும் ஆரஞ்சு. தாளை எடுத்ததும் விளிம்பு தெளிவாக ஒரு சூரியன் இருக்கும். மை காய ஓரிரு நிமிடம் விட்டு, வெட்டிய வட்டத்தை அதன் மேல் பொருத்தி மூடுங்கள். இனி வானம். மூடிய வட்டத்தைச் சுற்றி மஞ்சள், அதற்கு வெளியே ஆரஞ்சு, மேல் மூலைகளுக்குப் போகப்போக இளஞ்சிவப்பு. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டும் ஒரு விரல்கடை அகலத்துக்கு ஒன்றன் மேல் ஒன்று வரட்டும். வட்டத்தை எடுத்தால் சூரியனைச் சுற்றி ஒளி பரவியிருக்கும்.

கீழே வயல். ஒரு வேண்டாத தாளை நீளவாக்கில் கையால் கிழியுங்கள். கத்தரி வேண்டாம், கிழிசலின் நெளிவுதான் வரப்பாகப் போகிறது. கிழித்த ஓரம் கீழே பார்க்க, தாள் வானத்தை மூடியிருக்கும்படி வையுங்கள். இடது கையால் அசையாமல் அழுத்திக்கொண்டு, கிழிசல் ஓரத்தை ஒட்டிப் பச்சையை ஒற்றுங்கள். ஓரத்தில் அடர்த்தி, கீழே இறங்க இறங்க வெளிறவேண்டும். பிறகு தாளை ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி, கொஞ்சம் இடவலமாக நகர்த்தி, மறுபடி அதே போல. இப்படி மூன்று நான்கு வரிசை போட்டால், ஒன்றின் பின் ஒன்றாக வரப்புகள் தூரத்துக்குப் போவது போலத் தோன்றும். முன்வரிசைக்கு அடர்பச்சையோ, பச்சையில் சற்றுப் பழுப்போ சேர்த்தால் ஆழம் கூடும்.

பானையும் கரும்பும் வரைவது உங்கள் கைவாகைப் பொறுத்தது. ஸ்டாம்ப் இருந்தால் குத்தலாம். இல்லையென்றால் கறுப்புத் தாளில் நிழலுருவமாக வெட்டி ஒட்டுவதுதான் என் சிபாரிசு. புள்ளிப் புள்ளியான பின்னணிக்கு முன்னால் தீர்க்கமான கறுப்பு உருவம் எடுப்பாக நிற்கும், பொங்கி வழியும் பானையை நுணுக்கமாக வரையவேண்டிய அவஸ்தையும் இல்லை. டிஸ்ட்ரெஸ் இங்க் மேல் ஸ்டாம்ப் குத்துவதானால் நன்றாகக் காயவிட்டு, தண்ணீரில் கரையாத மையில் குத்துங்கள். ரேஞ்சரின் ஆர்கைவல் இங்க் அந்த வகை.

ஸ்டென்சில் வைத்து ஒற்றும்போது

கோலம், மாவிலைத் தோரணம் போன்ற திரும்பத் திரும்ப வரும் வடிவங்களுக்கு ஸ்டென்சில் சுலபம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலோ ஓஹெச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளிலோ நாமே வெட்டிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டுங்கள். டேப்பை முதலில் உடுத்தியிருக்கும் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துவிட்டால் பசை குறைந்து தாளைக் கிழிக்காமல் வரும். மை இங்கே இன்னும் குறைவாக இருக்கவேண்டும். அதிகமானால் ஸ்டென்சிலுக்கு அடியில் ஊறி விளிம்பு கலங்கும். ஓட்டையின் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பிரஷைத் தள்ளாமல், நேர்க்குத்தாகவே ஒற்றுங்கள். தூக்கும்போது இழுக்காமல் ஒரு பக்கத்திலிருந்து புத்தகம் திறப்பது போல எடுங்கள். எடுத்த கையோடு ஸ்டென்சிலை ஈரத்துணியால் துடையுங்கள், அடுத்த முறை புரட்டிப் போட்டுவிட்டால் காயாத மை அட்டையில் அச்சாகிவிடும்.

கெட்டுப்போனால்

திட்டு விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள், தாள் நார் நாராகப் பிரியும். சுற்றுப்புறத்தையும் மெல்ல அடர்த்தியாக்கி அதைக் கரைத்துவிடப் பாருங்கள். டிஸ்ட்ரெஸ் இங்க்காக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. விரல் நுனியால் சில நீர்த்துளிகளைத் தெளித்து, அரை நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் வெளிறிய வட்டங்கள் ஆங்காங்கே விழும், திட்டு அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். மையில் முடி ஒட்டினால் உடனே இடுக்கியால் எடுக்க முயலாமல், காயவிட்டுத் தட்டினால் தானே விழும்.

பிக்மென்ட் இங்க் மழைக்காலத்தில் சீக்கிரம் காயாது. ஈரமாக இருக்கும்போதே சூட்டில் உருகிப் படலமாகப் படியும் நிறமில்லாத எம்பாஸிங் பொடியைத் தூவி, சூடான காற்றை அடிக்கும் ஹீட் கன் கருவியால் உருக்கிவிடலாம். ஹேர் டிரையரின் சூடு அதற்குப் போதாது, காற்றுதான் அதிகமாக அடித்துப் பொடியைப் பறக்கவிடும்.

சுத்தம்: தினமும் துடைப்பது

வேலை முடிந்ததும் செய்யவேண்டியது கழுவுவது அல்ல, துடைப்பது. கழிக்கும் தாளின் வெள்ளையான மூலையில், நிறம் வருவது நிற்கும்வரை குத்துங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, நாலாக மடித்து, அதன் மேல் ஒற்றுங்கள். ஒற்றுவதுதான், தேய்ப்பது கிடையாது. துணியில் கறை வெளிறியதும் உலர்ந்த பக்கத்தில் நாலு தட்டு தட்டிவிட்டுப் படுக்கவையுங்கள். டை இங்க் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதே நிறக்குடும்பத்தோடு நின்றால், பல வாரங்களுக்கு இதுவே போதும்.

முடி நிறம் மாறிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். வெளுத்த ஆட்டு முடி நீலமாகத்தான் ஆகும், அது சாயம் ஏறியது. வெள்ளைத்தாளில் பலமாகக் குத்திப் பாருங்கள். நிறம் வராவிட்டால் பிரஷ் சுத்தம். கறையை வெளுக்க பிளீச் போடுகிறவர்கள் முடியை வைக்கோலாக்கிவிடுவார்கள்.

குழந்தைகளுக்கான ஈரத்துடைப்பான்களை இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அவற்றில் சருமத்துக்கான மென்மையூட்டி சேர்ந்திருந்தால் அது முடியில் படியும், அடுத்த முறை மை வழுக்கும். துணியே மேல்.

சுத்தம்: கழுவுவது

பிக்மென்ட், சாக் இங்க் எடுத்த அன்று கழுவியே ஆகவேண்டும், அவற்றின் துகள்கள் முடிவேரில் காய்ந்தால் பிரஷ் விறைத்துவிடும். டை இங்க் பிரஷை நிறக்குடும்பம் மாற்றும்போதோ, நுனி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும்போதோ கழுவினால் போதும்.

குழாயை மெல்லியதாகத் திறந்து, நுனி கீழே பார்க்கப் பிடியுங்கள். தலைகீழாகத் திருப்பக்கூடாது, தண்ணீர் தகர வளையத்துக்குள் இறங்கினால் அங்கே முடியைப் பிடித்திருக்கும் பசை இளகும், மரக் கைப்பிடி ஊதி வெடிக்கும், கொஞ்ச நாளில் தலை தனியாகவும் கை தனியாகவும் ஆடும். சுடுதண்ணீரும் பசைக்கு ஆகாது. கையில் ஒரு துளி ஷாம்பு விட்டு, நுனியை உள்ளங்கையில் வைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள், முடி மடங்காத அளவு அழுத்தத்தோடு. முதலில் வரும் நுரை நிறமாக இருக்கும். முடிவேர்ப் பக்கத்தை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் கிள்ளிக் கிள்ளிப் பிசையுங்கள், ஒளிந்திருக்கும் மை அங்கேதான் இருக்கும். அலசி, மறுபடி ஷாம்பு, மறுபடி அலசல். நுரை வெள்ளையாக வந்தபின் நிறுத்தலாம்.

சோப்பு போடாமல் ஷாம்பு ஏன் என்றால், போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு திரிந்து பிசுபிசுப்பாக முடியில் ஒட்டும். வாளி ஓரத்தில் படியும் அதே வெள்ளை அழுக்குதான். ஷாம்பு அப்படித் திரியாது. கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் குடிதண்ணீர் செலவழித்தால் இன்னும் நல்லது. முடிதானே என்று தேங்காயெண்ணெய் தடவிவிடாதீர்கள், அந்த எண்ணெய் அடுத்த அட்டையில் கண்ணாடி மாதிரி கறையாக வந்து நிற்கும்.

ஏற்கெனவே கல்லாகிவிட்ட பிரஷ் என்றால், ஒரு பாட்டில் மூடியில் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரை நுனி மட்டும் மூழ்கும் அளவு எடுத்து, பத்து நிமிடம் நுனியை வைத்திருந்து, பழைய பல் பிரஷால் வேரிலிருந்து நுனிப் பக்கமாகச் சீவுங்கள். இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் மீண்டுவிடும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிரஷ் இந்த வழிக்கு வராது, அக்ரிலிக்குக்குத் தனி பிரஷ் வையுங்கள். சொல்லியும் கேட்காமல் சால்வென்ட் மையைத் தொட்டுவிட்டீர்கள் என்றால், அந்த மைக்கென்றே விற்கும் கிளீனரையோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலையோ மூடியில் சிறிது ஊற்றி நுனியை மட்டும் தோய்த்துத் துணியில் ஒற்றுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். ஆல்கஹால் முடியை வறளவைக்கும் என்பதால் முடிவில் ஷாம்பு அலசல் உண்டு.

காயவைப்பது

கழுவியதை விட இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மெல்லிய துண்டால் வேரிலிருந்து நுனிவரை பிழிந்து, விரலால் முடியைக் கூட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பேனா ஸ்டாண்டில் நட்டக் குத்தாக வைக்காதீர்கள், ஈரம் வளையத்துக்குள்தான் இறங்கும். நுனி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைக்கலாம். கைப்பிடியில் நூல் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் இன்னும் விசேஷம், துணி காயப்போடும் கிளிப் ஒன்று போதும்.

நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும். உச்சி வெயிலில் போட்டால் கைப்பிடியின் பூச்சு வெடிக்கும். முடி நெருக்கமாக இருப்பதால் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கோடையில் ஒரு முழு நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாளாவது விடுங்கள். பொங்கல் அட்டைக்கு மார்கழியில் உட்காருகிறவர்கள், பிரஷ் கழுவுகிற நாளையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. தபாலில் அனுப்புவதாக இருந்தால் ஜனவரி முதல் வாரத்திலேயே அட்டை கைவிட்டுப் போகவேண்டியிருக்கும்.

காய்ந்தபின் காற்றுப் போகும் டப்பாவில், நுனி எதிலும் இடிக்காமல் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சணம் பூக்கும், அந்த வாடை அட்டைக்கும் ஏறும். பன்றி முடியும் ஆட்டு முடியும் கம்பளி இனம்தான், பூச்சி அரிக்கும். மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டிப் பாருங்கள். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டு வைக்கலாம்.

எவ்வளவு பேணினாலும் ஒரு கட்டத்தில் நுனி வெளிப்பக்கமாக மடங்கி, துடைப்பம் போல விரிந்துவிடும். அப்போது எவ்வளவு கழித்தாலும் வளையம்தான் விழும். அதைத் தூக்கிப் போடவேண்டாம். பன்றி முடியாக இருந்தால் நீர்த்த மையைத் தொட்டு, விரலால் முடியைச் சுண்டித் தூறல் தெளிக்கலாம். ஆட்டு முடியாக இருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, அட்டையில் சிதறிய எம்பாஸிங் பொடியையும் ரப்பர் துகளையும் பெருக்கித் தள்ள வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியில் இருந்த நெயில் பாலிஷ் புள்ளியை மட்டும் சுரண்டிவிடுங்கள், அவசரத்தில் கை அதை எடுத்து இங்க் பேடில் குத்திவிடும்.